புதிய சிலேட்டு வருகிறதாம்: அதில் தமிழ் உடையாமல் நிற்குமா?

செந்தூல் அச்சுக்காரர்
19 ஜனவரி 2010, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு வந்திருந்த உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டதால், இன்று மாலை நிதானமாக உட்கார்ந்து செய்திகளைப் படிக்க முடிந்தது. வரும் 27ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் உள்ள எர்பா புவெனா கலை மையத்திற்கு வரும்படி ஆப்பிள் நிறுவனம் செய்தியாளர்களுக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறது. சாயத்தை வாரி இறைத்தது போன்ற ஒரு படமும், தங்களுடைய புதிய படைப்பைக் காண வரச் சொல்லும் ஒரு வரியும்தான் அழைப்பில் உள்ளன. படைப்பு இன்னதென்று ஒரு சொல் கிடையாது. இருந்தாலும் எல்லாரும் பேசுவது ஒன்றைத்தான்: தனி விசைப்பலகை இல்லாமல் விரலால் தொட்டு இயக்கக்கூடிய, ஏறத்தாழப் பத்து அங்குலத் திரை கொண்ட ஒரு பலகைக் கணினி. அதற்கு ஐஸ்லேட் என்று பெயர் வைப்பார்கள் என ஒரு சாராரும், ஐபேட் என வேறொரு சாராரும் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பள்ளியில் சிலேட்டும் குச்சியுமாக அகரம் பழகிய எனக்கு, முதல் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் அச்சகத்தில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அடுக்குவதில் தொடங்கி, கணினியில் பக்கம் கட்டுவது வரை பார்த்தாயிற்று. ஒரு கண்ணில் புரை எடுத்த பிறகு சிறிய எழுத்து படிக்க முடிவதில்லை. மேசைக் கணினி முன் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. மடிக்கணினியைப் படுக்கையில் வைத்துக்கொண்டால் நெஞ்சில் செங்கல்லை வைத்தது போல் இருக்கிறது. ஆகவே, சாய்ந்துகொண்டே எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத்தக்க ஒரு பலகை வருகிறது என்றால், அதற்காகக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் காசை எண்ணி வைப்பதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அதில் தமிழ் எப்படித் தெரியும்? சென்ற வாரம் என் மகள் தன் புதிய கைத்தொலைபேசியில் வந்த வாழ்த்தைக் காட்டினாள். அது எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே வேண்டாம். "பொங்கல்" என்ற சொல்லில் முதலில் பகரம் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு கொம்பு தொங்கியது. அதற்கும் பின்னால் கால் தனியே நடந்துபோனது. அச்சகத்தில் இப்படி ஒரு படி எடுத்து வைத்திருந்தால் மேற்பார்வையாளர் தாளைக் கிழித்து என் முகத்திலேயே எறிந்திருப்பார். மூவாயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கும் பொருளிலும் இதே கதைதானா? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.


பங்சார் நிரலர்
19 ஜனவரி 2010, இரவு 11.15

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்ட கேள்வியை ஆங்கிலத் தளங்கள் எவையும் கேட்கப்போவதில்லை. அவர்களுக்கு அது தேவையும் இல்லை. நமக்கோ மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் மகளின் தொலைபேசியில் நடந்தது இதுதான். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கென்று 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதில் நம்முடைய 247 எழுத்துகளும் தனித்தனியே இல்லை. உயிர், ஆய்தம், அகரமேறிய மெய், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவை மட்டுமே இருக்கின்றன. மற்றவை இவற்றைச் சேர்த்து உருவாக்கப்படுபவை. "பொ" என்று எழுதும்போது கணினி சேமிப்பது முதலில் பகரத்தையும் அடுத்து ஒகரக் குறியையும். வாய் உச்சரிக்கும் வரிசை அது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்து, காலைப் பின்னால் நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் செய்வது எழுத்துரு மட்டும் அன்று. இயங்குதளத்திற்குள் இருக்கும் எழுத்து வடிவமைப்புப் பொறி. பல கைத்தொலைபேசிகளில் எழுத்துரு இருக்கும், பொறி இருக்காது. எழுத்துருவும் இல்லாவிட்டால் வெறும் பெட்டிகள்தான். அரைகுறையாகத் தெரிவதைவிடப் பெட்டியே மேல் என்று எனக்குச் சில நேரம் தோன்றுவதுண்டு.

இந்தப் பலகை மேக் இயங்குதளத்தில் ஓடுமா, ஐபோன் இயங்குதளத்தில் ஓடுமா என்பதில்தான் இப்போது பெரிய ஊகப் போர் நடக்கிறது. மற்றவர்களுக்கு அது விருப்பு வெறுப்பு சார்ந்த வாதம். நமக்கு அப்படியன்று. மேக் கணினியில் இணைமதி என்ற தமிழ் எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வருகிறது. அதை வடிவமைத்தவர் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய மலேசியர் முத்து நெடுமாறன். அஞ்சல் முறையிலும் தமிழ்99 முறையிலும் தட்டச்சு செய்யலாம். பலகை மேக்கின் பிள்ளையாகப் பிறந்தால் இந்தச் சொத்தெல்லாம் கையோடு வரும். ஐபோனின் தம்பியாகப் பிறந்தால், ஆப்பிள் எதைச் சேர்க்கிறதோ அதைத்தான் நாம் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

தட்டச்சு இன்னும் சிக்கலானது. ஐபோனில் வெளியார் எழுதும் செயலி எதுவும் தன் எல்லையைத் தாண்டக்கூடாது. எனவே ஒரு நிரலர் தமிழ் விசைப்பலகை செய்தாலும், அது அவருடைய செயலிக்குள் மட்டுமே வேலை செய்யும். அங்கே எழுதி, வெட்டி, மின்னஞ்சலில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். அந்த வெட்டி ஒட்டும் வசதியே சென்ற ஆண்டு ஜூன் மாதம் வந்த மூன்றாம் பதிப்பில்தான் கிடைத்தது. 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினம் என்ற மென்பொருள் அறிமுகமானபோது, தமிழே தெரியாத கைத்தொலைபேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தார்கள். அந்த அளவுக்கு வளைந்துகொடுக்கும் இடம் இந்தப் பலகையில் இருக்குமா என்பது ஐயமே.

என் ஊகத்தைக் கேட்டால், ஐபோனின் தம்பிதான் வரும். ஆப் ஸ்டோரில் காசு பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள்.


இம்பி சாலைக் கடைக்காரர்
20 ஜனவரி 2010, காலை 10.05

கடை திறந்ததும் இதைப் படித்தேன். லோயாட் பிளாசா பக்கத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கைத்தொலைபேசி பழுது பார்க்கிறேன்; எழுத்து விவகாரம் எனக்குத் தெரியாது, ஆனால் திரை தெரியும். தொடுதிரையில் இரண்டு வகை உண்டு. அழுத்தினால் வேலை செய்வது ஒன்று: இரண்டு மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நகம், குச்சி, பேனா மூடி என எதனாலும் தட்டலாம். ஐபோனில் இருப்பது மற்றது: விரலில் உள்ள மின்னூட்டத்தை உணரும் கண்ணாடி. மெல்லத் தொட்டாலே போதும். ஆனால் கை ஈரமாக இருந்தால் தடுமாறும். நம் ஊர்ப் புழுக்கத்தில், தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்றுகொண்டு வியர்த்த விரலால் அதைத் தேய்த்துப் பாருங்கள். எங்கேயோ தொட்டால் எங்கேயோ திறக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐபோனை இயக்குவதற்கு ஏற்ற வெப்பநிலை என்று அதன் குறிப்பேட்டில் போட்டிருப்பது 35 பாகை வரைதான். கோலாலம்பூரில் நண்பகலில் 33, 34 என்று போவது சாதாரணம். அந்தக் கணக்கு எந்த ஊருக்குப் போட்டதோ! வெயிலில் நிறுத்திய காரின் இருக்கையில் பத்து அங்குலக் கண்ணாடியை விட்டுவிட்டுப் பசியாறப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்கள்தாம் என் வாடிக்கையாளர்கள்.

ஒருவர் சென்ற மாதம் கைத்தொலைபேசி ஒன்றைக் கொண்டுவந்தார். நீரில் விழவில்லை என்று சத்தியம் செய்தார். உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று உண்டு. அது வெற்றிலை போட்ட வாய் போல் சிவந்திருந்தது. விசாரித்தால், சோறு வடிக்கும் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில்தான் தினமும் வைப்பாராம். உத்தரவாதம் போயிற்று.

விலைக்காக ஏபி செட், அதாவது அதிகாரப்பூர்வ முகவர் வழியே வராத இறக்குமதிப் பொருள், வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலில் வருவது ஏபி செட்டாகத்தான் இருக்கும். ஐபோன் 2007 ஜூனில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இங்கே தொலைபேசி நிறுவனமான மேக்சிஸ் அதிகாரப்பூர்வமாகக் கொண்டுவந்தது 2009 மார்ச்சில், அதுவும் 3ஜி மாதிரியைத்தான். அதற்குள் இந்தச் சாலையில் எத்தனை ஆயிரம் கைமாறியிருக்கும்! வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மின்கலம் கழற்ற முடியாத பொருளாக இருந்தால், அது உப்பிய நாளில் உத்தரவாதச் சீட்டை நீட்ட உங்களுக்கு ஓர் இடம் இருக்காது.


பட்டர்வொர்த் ஆசிரியை
20 ஜனவரி 2010, மாலை 4.30

வணக்கம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். பள்ளி தொடங்கி மூன்றாவது வாரம். இன்னும் இரண்டு பிள்ளைகள் வாசலில் அம்மாவின் சேலையை விடாமல் அழுகிறார்கள். அதனால் என் கருத்து கொஞ்சம் தரையில் நின்றே இருக்கும்.

நிரலர் தம்பி தட்டச்சு பற்றி மட்டுமே பேசுகிறார். எனக்கு அந்தக் கண்ணாடியில் விரல் படுவதுதான் முக்கியமாகத் தெரிகிறது. விஜயதசமியன்று பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தாம்பாளத்து அரிசியில் அகரம் எழுதிக் காட்டுகிறோம். வகுப்பிலும் நான் தட்டில் மணல் பரப்பி எழுத வைக்கிறேன். பென்சிலைப் பிடிக்க வலுவில்லாத பிள்ளைக்கு விரல்தான் முதல் எழுதுகோல். "ஈ" எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் புள்ளிகளை முதலில் வைத்துவிட்டுப் பிறகு கோட்டைத் தேடுவார்கள். "இ"யைச் சுழியிலிருந்து தொடங்காமல் வாலிலிருந்து தொடங்குவார்கள். தாளில் எழுதி முடித்தபின் பார்த்தால் எழுத்து சரியாகத்தான் இருக்கும். கை போன வழி தவறு என்பது தெரியாது. எங்கே தொடங்கியது, எப்படித் திரும்பியது என்பதைக் கண்ணாடி நினைவில் வைத்துக்கொண்டு திரும்பக் காட்டுமானால், முப்பது பிள்ளைகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக நிற்கும் எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நாட்டில் 523 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. எங்கள் கணினிக்கூடத்தில் இருப்பவற்றில் எத்தனை ஓடும் என்பது அன்றன்று காலையில்தான் தெரியும்; சென்ற ஆண்டு ஒரே இடியில் மூன்று போயின. ஆகவே வகுப்புக்கு முப்பது பலகை வரும் என்று நான் கனவு காணவில்லை. ஒன்று போதும். மேசையில் படுக்க வைத்துவிட்டு ஐந்து பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைக்கலாம். திரை நிமிர்ந்து நிற்கும் கணினியில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளைகளை மறைத்துவிடும்.

கடைக்காரர் சொன்ன ஈரக்கை என்னை யோசிக்க வைக்கிறது. ஓய்வு நேரம் முடிந்து வரும் என் பிள்ளைகளின் விரல்களில் நாசி லெமாக் சம்பல் இல்லாத நாளே கிடையாது.


ஜார்ஜ்டவுன் கணக்காளர்
21 ஜனவரி 2010, பிற்பகல் 1.20

எல்லாரும் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டுப் பேசுவது போல் இருப்பதால், ஒருவராவது பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். விலை 1,000 டாலரை ஒட்டி இருக்கும் என்பதே பரவலான பேச்சு. டாலருக்கு ஏறத்தாழ 3.40 ரிங்கிட் என்று வைத்தால் 3,400 ரிங்கிட். இதே பத்து அங்குலத் திரையும், விசைப்பலகையும், தமிழை ஒழுங்காகக் காட்டும் விண்டோசும் கொண்ட சிறிய மடிக்கணினி கொம்தாரை அடுத்துள்ள பிராங்கின் மாலில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. மூன்று மடங்கு கொடுத்து விசைப்பலகையை இழப்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் என்னிடம் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சொந்தப் பயன்பாட்டுக்குக் கணினி வாங்கினால் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை 3,000 ரிங்கிட் வரை வரிவிலக்கு உண்டு என்பது உண்மை. அது உங்கள் வரியிலிருந்து கழிக்கப்படுவதில்லை. வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கப்படுவது. நீங்கள் 12 விழுக்காட்டு அடுக்கில் இருந்தால் கையில் மிஞ்சுவது 360 ரிங்கிட். அதற்கும் இந்தப் பொருள் "கணினி"யா என்ற கேள்வி இருக்கிறது. ஐபோனைப் பெரிதாக்கியது போல் ஒன்று வந்தால், அதைத் தனியாள் கணினி என்று வருமான வரி வாரியம் ஏற்குமா, பெரிய தொலைபேசி என்று தள்ளுமா? விதி எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு பொருள் இல்லை. என் தொழில் அனுபவத்தில், தெளிவில்லாத இடத்தில் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதே நல்லது. அமெரிக்காவிலிருந்து மருமகன் வாங்கிவந்த பொருளுக்கு மருமகன் பெயரில் இருக்கும் சீட்டு எதற்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அகண்ட அலைவரிசைக் கட்டணத்துக்கு இவ்வாண்டு முதல் 500 ரிங்கிட் வரை விலக்கு தருகிறார்கள். அதையாவது ஒழுங்காகக் கேட்டுப் பெறுங்கள்.

இதற்கு முன்பு இப்படிப் பேசியவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிள் 1993இல் நியூட்டன் என்ற கையடக்கக் கணினியைக் கொண்டுவந்து, அது கையெழுத்தைப் படித்த அழகைப் பார்த்து ஊர் சிரிக்க, 1998இல் மூடிவிட்டது. பில் கேட்ஸ் 2001இல் பலகைக் கணினியைத் தூக்கிக் காட்டி, ஐந்தாண்டுகளில் அமெரிக்காவில் அதுவே அதிகம் விற்கும் என்றார். எட்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த மாதம் 6ஆம் தேதி லாஸ் வேகாசில் ஸ்டீவ் பால்மர் மீண்டும் ஒன்றைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.


பங்சார் நிரலர்
21 ஜனவரி 2010, இரவு 10.50

கணக்காளர் ஐயா சொன்ன வரலாறு சரிதான். ஆனால் அந்தப் பலகைகள் தோற்றதற்குப் பெரிய காரணம், சுட்டிக்காகச் செய்த விண்டோசைப் பேனாவால் குத்தச் சொன்னது. தடித்த உடல், சூடு, சீக்கிரம் தீர்ந்துபோகும் மின்கலம் எல்லாம் சேர்ந்துகொண்டன. விரலுக்கென்றே செய்த இயங்குதளம் 2007க்குப் பிறகுதான் கைக்கு வந்தது. எனவே பழைய தோல்வியை வைத்துப் புதியதைக் கணிப்பது முழுவதும் பொருந்தாது.

பக்கத்து வீட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் சந்திரா ராதாகிருஷ்ணன் தொடங்கிய ஃபியூஷன் கராஜ் நிறுவனம் சென்ற மாதம் ஜூஜூ என்ற 12.1 அங்குலப் பலகையை 499 டாலருக்கு முன்பதிவு செய்யத் தொடங்கியது. டெக்கிரஞ்ச் தளத்தோடு சேர்ந்து கிரஞ்ச்பேட் என்ற பெயரில் உருவாகி, நவம்பரில் கூட்டு முறிந்து, இப்போது வழக்கில் நிற்கிறது. தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் செய்வதால் தமிழ் வரும் என்று என் நண்பர் ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறார். பெயரைப் பார்த்து எழுத்துப் பொறி வேலை செய்வதில்லை என்று சொல்லிவைத்தேன். அது இணையத்தை மட்டுமே காட்டும் கருவி. நம் வீட்டு இணைப்பு மழை பெய்தால் நின்றுவிடும் பகுதிகளில் அது வெறும் கண்ணாடி.


செந்தூல் அச்சுக்காரர்
22 ஜனவரி 2010, இரவு 8.30

கணக்காளர் தம்பிக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பதற்கான காரணத்தைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு என் தங்கை மகன் ஆறு அங்குல மின்மைத் (இ-இங்க்) திரை வாசிப்பான் ஒன்றை வாங்கித் தந்தான். கண்ணுக்கு அதைவிடக் குளிர்ச்சியான திரையை நான் பார்த்ததில்லை. தாளில் அச்சடித்தது போலவே இருக்கும், பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகும் என்பதால் வாரக்கணக்கில் நிற்கும். ஆனால் தமிழ்க் கோப்பை ஏற்றினால் பெட்டி பெட்டியாக வந்தது.

பிறகு மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப் கோப்புகளை ஏற்றினேன். 1998 பொங்கலிலிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தரும் திட்டம் அது. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே புதைந்திருப்பதால் எழுத்து உடையவில்லை. ஆனால் பெரிய தாளுக்குக் கட்டிய பக்கம் ஆறு அங்குலத்துக்குள் சுருங்கியது. எறும்பு ஊர்வது போல் குறுந்தொகை. பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே போகும். இடப்பக்கம் தள்ளி "யாயும் ஞாயும்" வரை படித்துவிட்டு, வலப்பக்கம் தள்ளி "யாரா கியரோ" என்று தேட வேண்டியிருந்தது. குறுந்தொகையை அப்படிப் படிக்க முடியுமா? பத்து அங்குலம் இருந்தால் பக்கம் முழுதாக நிற்கும். நான் மூவாயிரம் கொடுக்க யோசிப்பது அந்த நான்கு அங்குலத்துக்காகத்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. என்னிடம் பதினைந்து ஆண்டுக் கோப்புகள் இருக்கின்றன. கோயில் மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், மறைந்த நண்பர்களின் கவிதைகள். ஒருங்குறிக்கு முந்தையவை. சில திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில், சில அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியீட்டில். அவற்றைத் திறக்க அதே எழுத்துரு வேண்டும். வெளி எழுத்துருவை நிறுவ விடாத பலகை என்றால், அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகுதான் ஏற்ற முடியும். அச்சகத்தில் ஈய எழுத்துப் பெட்டியில் எழுத்து கலந்துவிட்டால் முழுப் பெட்டியையும் கொட்டிப் பிரிப்போமே, அந்த வேலை மீண்டும் வந்துவிட்டது.


அமெரிக்காவில் ஒரு பினாங்கன்
24 ஜனவரி 2010, காலை 7.10

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் வசிக்கிறேன். அடிப்படையில் பாயான் பாருவைச் சேர்ந்தவன். நிகழ்ச்சி இங்கே காலை 10 மணிக்கு. உங்களுக்கு 28ஆம் தேதி பின்னிரவு 2 மணி. விழித்திருந்து பார்ப்பவர்கள் தைப்பூசத்துக்கும் சேர்த்து விழிக்க வேண்டியிருக்கும். 30ஆம் தேதி சனிக்கிழமை பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் இருக்க முடியாததுதான் எனக்கு வருத்தம்.

கருவி கடைக்கு வரும் நாளில் நான் போய்ப் பார்ப்பது உறுதி. காட்சிக்கு வைத்திருப்பதை யாரும் தொட்டுப் பார்க்கலாம். அச்சுக்கார ஐயா ஒரு சோதனை வரி எழுதித் தந்தால், அதை இந்தப் பக்கத்திலிருந்தே திறந்து, எப்படித் தெரிகிறது என்று படம் எடுத்துப் போடுகிறேன்.


செந்தூல் அச்சுக்காரர்
24 ஜனவரி 2010, இரவு 9.15

மிக்க நன்றி, தம்பி. அச்சகத்தில் புதிய எழுத்து வார்த்து வந்தால் நாங்களும் இப்படித்தான் ஒரு வரி அடுக்கிப் படியெடுத்துப் பார்ப்போம். உகர, ஊகாரங்கள் ஒவ்வொரு மெய்க்கும் ஒவ்வொரு விதமாக வளைவதால் அவை வேண்டும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேண்டும், ஐகாரம் வேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை போல் வளைந்து நிற்கும். அந்தத் தொல்லை இன்று இல்லை. வடவெழுத்தில் இரண்டு கூட்டு வேண்டும். வரி இதுதான்:

மூங்கில் கூண்டிலிருந்த கொக்கும் கோழியும் நூறு முறை கூவியும் ஸ்ரீலக்ஷ்மி பானையை விட்டு எழுந்து வரவில்லை.


பட்டர்வொர்த் ஆசிரியை
25 ஜனவரி 2010, மாலை 5.05

அருமையான வரி ஐயா. நாளை என் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதலாகக் கொடுக்கலாம் போல் இருக்கிறது. ஆனால் ஔகாரம் விடுபட்டுவிட்டது. கருவிகள் மட்டுமன்றிப் பிள்ளைகளும் தடுமாறும் இடம் அதுதான்.


செந்தூல் அச்சுக்காரர்
25 ஜனவரி 2010, இரவு 8.00

உண்மைதான், ஆசிரியை அவர்களே. கொக்குக்குப் பக்கத்தில் இன்னொரு பறவையையும் கூண்டில் விட்டுவிடுகிறேன்:

மூங்கில் கூண்டிலிருந்த கெளதாரியும் கொக்கும் கோழியும் நூறு முறை கூவியும் ஸ்ரீலக்ஷ்மி பானையை விட்டு எழுந்து வரவில்லை.


பங்சார் நிரலர்
25 ஜனவரி 2010, இரவு 11.30

ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். சோதனைக்கு வசதியாக இருக்குமே என்று இந்தப் பக்கத்தில் அந்தப் பறவையின் பெயரைத் தேடினேன். ஓரிடத்தில்கூட இல்லை என்று கணினி சொன்னது. உங்கள் வரியை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால், ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் தனி ளகரமும் இருக்கின்றன. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அமெரிக்காவில் இந்த வரி சரியாகத் தெரிந்தாலும் ஔகாரம் தேறியதாகப் பொருள் இல்லை.


செந்தூல் அச்சுக்காரர்
26 ஜனவரி 2010, காலை 6.20

பிடித்துவிட்டீர்கள், தம்பி. எங்கள் பெட்டியில் ஔகாரத்தின் பின்பாதிக்கென்று தனி அறை இருந்ததில்லை. கொம்பு, ககரம், பிறகு ளகர அறையிலிருந்து ஒன்று என்று எடுத்து அடுக்குவோம். ஈயத்தில் இரண்டுக்கும் ஒரே முகம். கை இன்னும் அந்த அறைக்கே போகிறது. பினாங்குத் தம்பி, முந்தையதை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

மூங்கில் கூண்டிலிருந்த கௌதாரியும் கொக்கும் கோழியும் நூறு முறை கூவியும் ஸ்ரீலக்ஷ்மி பானையை விட்டு எழுந்து வரவில்லை.